அந்தரத்து ஈக்கள் வந்த மார்கழி

உப்போடைப்பட்டியில் கொத்தமல்லி பூத்துக் கிடந்த ஒரு மார்கழியில், சுப்புத்தாய் மகள் மாரிக்கனி லேப்டாப்பில் ஒரு படத்தைப் பார்த்து, "இது தேனீ இல்லை, தேனீ வேஷம் கட்டின அந்தரத்து ஈ" என்று சொன்னாள். சொன்ன வாய் மூடுமுன் படத்தில் இருந்த ஈ எழுந்து வெளியே வந்து, அவள் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் ஆணி அடித்து மாட்டியதுபோல அசையாமல் நின்றது. அவள் அதைப் பார்த்தாள், அது அவளைப் பார்த்தது, பிறகு சன்னல் வழியாக மல்லிக்காட்டுப் பக்கம் போய்விட்டது. அடுப்படியில் இருந்த சுப்புத்தாய், "சன்னலச் சாத்து புள்ள, ஈ அடையுது" என்றாள். முதல் நாள் நடந்தது அவ்வளவுதான்.

மாரிக்கனி, ஊர்க் கணக்கில், அந்த வீட்டில் பட்டம் வாங்கிய இரண்டாவது ஆள். விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடி அலுத்துப்போன வருஷத்தில், ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வீட்டில் உட்கார்ந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று அறிய அந்த நிலையத்தார் ஊர் ஊராக விவசாயிகளிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். விவசாயிகள் மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட எதைக் கண்டாலும் தேனீ என்று அனுப்பினார்கள். அதில் எது தேனீ, எது தேனீயைப்போல இருக்கிற ஈ என்று பிரித்து, ஈயாக இருந்தால் அதன் பேரையும் எழுத வேண்டியது அவள் பாடு. கொட்டத் தெரியாத அந்த ஈ, குருவி கொத்தாமல் இருக்க, கொடுக்கு உள்ளவனின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு திரிகிறது. ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. அந்தரத்தில் நிற்பதால் அந்தரத்து ஈ என்று மாரிக்கனிதான் சொல்லத் தொடங்கினாள்.

அவளுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் றெக்கை, தேனீக்கு நாலு, ஈக்கு ரெண்டு. அடுத்து மீசை, தேனீக்கு நீளமாக மடிந்திருக்கும், ஈக்குக் கட்டையாக, இருக்கா இல்லையா என்று தெரியாமல் இருக்கும். அப்புறம் கால், தேனீ பின்னங்காலில் பூந்தூளை உருண்டையாகக் கட்டிக்கொண்டு போகும், ஈக்கு அந்த வசதி இல்லை, உடம்பெல்லாம் தூளை அப்பிக்கொண்டு அது பாட்டுக்குப் போகும். கடைசியில்தான் கண். இப்படி ஒவ்வொரு படத்தையும் ஒன்றுக்கு மூன்று தடவை பார்ப்பாள். பார்த்தும், அனுப்புகிற பொத்தானை அழுத்துமுன் தப்பாக இருந்துவிட்டால் வேலை போய்விடுமோ என்று நாலாவது தடவையும் பார்ப்பாள். படித்து வேலைக்கு வந்த வீட்டின் பிள்ளைகளுக்குத் தப்பு செய்தால் தாங்கிப்பிடிக்கப் பெரியப்பா இருப்பார், சித்தப்பா இருப்பார். இவளுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் ஈக்கள் எழுந்து வரத் தொடங்கியபோது அவளுக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, நிம்மதிதான். தப்பாகச் சொன்னால் ஒன்றும் வராது. சரியாகச் சொன்னால் வந்து நிற்கும். கண்முன் வந்து நிற்கிறதைவிடப் பெரிய மார்க் என்ன இருக்கிறது.

போகப்போக அதன் நியாயமும் பிடிபட்டது. தேனீயைத் தேனீ என்று சொன்னால் வருவதில்லை. உள்ளதை உள்ளதென்று சொன்னதற்குத் தேனீ எதற்கு வர வேண்டும்? வேஷம் கட்டி, ஊரெல்லாம் தன்னை வேறாக நம்பி, ஒருவர்கூட இன்னாரென்று கண்டுகொள்ளாமல் கிடந்ததுதான் வந்தது. அதுவும் "இது தேனீ இல்லை" என்று மட்டும் சொன்னால் ரீங்காரம் மட்டும் வந்து அறையைச் சுற்றும், உடம்பு வராது. இல்லாததைச் சொன்னால் பத்தாது, இருப்பதைச் சொல்ல வேண்டும். சொன்னால் வரும். வந்தால் படத்தில் பூ மட்டும் மிஞ்சும்.

இதில்தான் ஆராய்ச்சி நிலையத்து மேடத்துக்குக் குழப்பம் வந்தது.

"மாரிக்கனி, வெறும் பூவா அனுப்பியிருக்கீங்களே, பூச்சி எங்கம்மா?"

"வந்துட்டு மேடம்."

"எங்க வந்துட்டு?"

"எங்க வீட்டுக்கு."

"சரி, பேரை மட்டும் சரியா எழுதிடுங்க. ரிப்போர்ட்டுக்கு அது போதும்" என்று மேடம் போனை வைத்துவிட்டார்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அந்த ஈயின் புழு செடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் என்று மாரிக்கனி டீக்கடை கந்தையாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட, மறுநாளே வீட்டுமுன் கூட்டம் கூடிவிட்டது. தெற்குக்காட்டுக்காரர்கள் தெற்குச் சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். வடக்குக்காட்டுக்காரர்கள், எங்க மல்லியில மட்டும் அசுவினி விழலையா என்று கேட்டார்கள். வார்த்தை தடித்து, மாட்டை அவிழ்த்துவிட்டது யார், வாய்க்காலை வெட்டியது யார் என்று பழைய பஞ்சாயத்தெல்லாம் எழுந்து வந்து, கடைசியில் ஒருநாள் தெற்குச் சன்னல், ஒருநாள் வடக்குச் சன்னல் என்று முடிவாயிற்று. "நல்லவேளை, ஒங்க வீட்டுக்கு ரெண்டு சன்னல்தான். நாலு இருந்தா கொலை விழுந்துருக்கும் மருமகளே" என்றார் கந்தையா. அவர் சுப்புத்தாய்க்கு அண்ணன் முறை.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் மளிகைக்கடை லிங்கம்மா ஒரு படத்தை முந்தானையில் மூடிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் இருளப்பன் சவுதிக்குப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. படத்தில் அவன் வெள்ளைக்கார் ஒன்றின்மேல் சாய்ந்து, கறுப்புக்கண்ணாடி போட்டு நின்றான். மேனேஜர் என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள்.

"தாயி, ஈயக் கூப்பிடுற மாதிரி ஒங்க சித்தப்பாவயும் ஒரு சத்தம் கூப்பிடேன்."

"நான் எதையும் கூப்பிடல சித்தி. பாத்து என்னான்னு சொல்றேன், அது வருது."

"அப்ப அவுகளயும் பாத்து என்னான்னு சொல்லு."

தெருவில் போன நாலு பேர் நின்றுவிட்டார்கள். மாரிக்கனி படத்தைக் கையில் வாங்கி, "இது இருளப்பன் சித்தப்பா" என்றாள். ஒன்றும் வரவில்லை. "பேரச் சொன்னா வராது போல" என்று கந்தையா கடையிலிருந்தே சொன்னார். அவள் தன் முறைப்படி மறுபடி பார்த்தாள். சட்டை அவன் தோளுக்குப் பெரிது. கை முட்டிவரை நனைந்திருந்தது. இடுப்புக்குப் பின்னால் ஒரு துணி முனை தொங்கியது. காரின் பாதி பளபளத்தது, பாதி புழுதியாக இருந்தது.

"சித்தி, சொன்னா சங்கடப்படுவீக."

"ஆளு வந்தாப் போதும், சொல்லு."

"சித்தப்பா மேனேஜர் இல்ல."

தெருவில் எங்கோ வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஆள் இல்லை. லிங்கம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப யாரு?" என்றாள்.

"அந்தக் காரக் கழுவுறவரு."

இருளப்பன் வந்துவிட்டான். தெரு நடுவில், கால்சட்டையைச் சுருட்டி விட்டுக்கொண்டு, விரல் நுனிகளில் தண்ணீர் சொட்ட, தரைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றான். யாரும் பயப்படவில்லை. கால் பாவாமல் நிற்பது பேய்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஊர் அது. ஆனால் பேய்க்கு இப்படி வேர்க்காது. "வாங்க மாப்ள, ரொம்ப எளைச்சுட்டீகளே" என்றார் கந்தையா. லிங்கம்மா புருஷனைப் பார்த்தாள், சுருட்டின கால்சட்டையைப் பார்த்தாள், இடுப்புத் துணியைப் பார்த்தாள், எதிர்வீட்டு வாசலில் நின்ற நாத்தனார்க்காரியைப் பார்த்தாள். "இந்தா வாரேன்" என்று தன் வீட்டுக்குள் ஓடினாள். பெட்டியைத் திறந்து நல்ல சட்டையை எடுத்தாள். மடிப்பில் ஒரு கசங்கல் இருந்தது, தொடையில் வைத்துக் கையால் நீவினாள். கரைவேட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது தெருவில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது. உட்காரப் பூ இல்லாத இடத்தில் அந்தரத்து ஈ எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம்தான் அவனும் நின்றான்.

சாயங்காலம் சவுதியிலிருந்து போன் வந்தது. "கொஞ்சம் கண்ணசந்துட்டேன் லிங்கு. நம்ம தெருவுல நிக்கிற மாதிரி இருந்துச்சு. நீ எங்கயோ உள்ள போயிட்ட" என்றான். அவள் படத்தைப் பார்த்தாள். ஆள் இல்லாமல் வெள்ளைக்கார் மட்டும், முழுக்கக் கழுவி முடித்துப் பளபளவென்று நின்றது.

அதற்கப்புறம் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி வீட்டுச் சுவரில் இருந்த படங்களைக் கழற்றி அரிசிமூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. இன்னொரு பாதி படத்தோடு மாரிக்கனி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. அவள் பார்த்துச் சொன்னாள், சொல்லச்சொல்ல வந்தார்கள், வந்தவர்களில் ஒருவரும் தங்கவில்லை. ஒரு தாய், மகன் வந்து நின்றதும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டப் போனாள். ஒரு தகப்பன், எத்தனை நாள் லீவு என்று கேட்டார். ஒரு பெண், வந்த தங்கச்சியின் முகத்துக்குப் பவுடர் போடப் போனாள். அவரவர் திரும்பிப் பார்ப்பதற்குள் தெரு காலியாக இருந்தது. ஆனாலும் மறுநாள் மறுபடி வந்தார்கள். தெருவில் யாராவது அந்தரத்தில் நின்றால் மினிபஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போகப் பழகினார். அந்தரத்திலிருந்து யாராவது இறங்கினால் காலில் புழுதி படக்கூடாதென்று வீட்டுக்கு வீடு காலையிலேயே வாசலில் இரண்டு தடவை தண்ணீர் தெளித்தார்கள்.

லிங்கம்மா மட்டும் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்: "கையப் பிடிச்சிருக்கணும். நான் சட்டையத் தேடிட்டேன்."

எல்லார் வீட்டுப் படத்தையும் பார்த்த மாரிக்கனி தன் வீட்டுப் படத்தைப் பார்க்கவில்லை.

அது கூடத்துச் சுவரில், வாசலுக்கு நேராக மாட்டியிருந்தது. கறுப்பு அங்கியும், கழுத்தில் மஞ்சள் பட்டையும், தலையில் குஞ்சம் வைத்த தொப்பியும், கையில் சுருட்டின காகிதமுமாக அவள் அண்ணன் சௌந்தரபாண்டி. என்ஜினீயருக்குப் படிக்க ஊரிலிருந்து முதன்முதலாகப் போனவன். படிப்பு முடிந்தது என்று அந்தப் படத்தை அனுப்பினான். பெங்களூரில் கம்பெனியில் வேலை என்றான். அதன்பின் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான், லீவு கிடைக்கல என்பான், மாசம் தவறாமல் முடிந்ததை அனுப்புவான். உப்போடைப்பட்டிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகிற காலையில் சாமி கும்பிட்ட கையோடு இந்தப் படத்தின் முன்னும் வந்து நின்று, கண்ணாடியில் திருநீறு பூசி, அதையே கொஞ்சம் எடுத்துத் தங்கள் நெற்றியிலும் பூசிக்கொண்டு போவார்கள். அப்படிப் போய்த்தான் மாரிக்கனியும் படித்தாள். அவளுக்குப் பின்னால் கந்தையா மகள் முத்துச்செல்வி வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள். வருஷக்கணக்கில் பூசிய திருநீறு கண்ணாடியின் கீழ்ப்பாதியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் காய்ந்து ஏறியிருந்தது.

சுப்புத்தாய் தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்கு ஒரு சட்டை எடுத்தாள். அளவு தெரியாது, அவன் வயதுப் பையன்கள் தெருவில் போகும்போது தோளைப் பார்த்து, இந்த வருஷம் இவ்வளவு இருப்பான் என்று அனுமானித்து எடுப்பாள். சட்டைகள் தகரப்பெட்டியில், பிரிக்காத குண்டூசிகளோடு, ஒன்றுக்கொன்று கொஞ்சம் பெரிதாக அடுக்கியிருந்தன. யாரும் இல்லாத நேரத்தில் அவள் பெட்டியைத் திறந்து, மூடுவாள். எதையும் எடுப்பதில்லை.

மாரிக்கனிக்கு அந்தப் படத்தைப் பற்றித் தெரியும். அவளுடைய பட்டமளிப்பு விழாவில், வரிசையில் நின்றபோது, ஒரு பேராசிரியை வந்து அவள் கழுத்துப் பட்டையைத் திருப்பி, "இப்படி இல்லம்மா, இந்தப் பக்கம் வெளிய வரணும்" என்று சரிசெய்தார். அப்போதுதான் அண்ணன் பட்டை மாறியிருந்தது ஞாபகம் வந்தது. சுற்றிப் பார்த்தாள், ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை. வாங்கின பட்டம் உறையில் விறைப்பாக இருந்தது, சுருட்டுகிற காகிதமே இல்லை. ஸ்டூடியோவில் வாடகைக்குத் தரும் அங்கி அது. கறுப்பும் மஞ்சளும். அன்றிலிருந்து இந்தச் சேதியை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டே சோறு தின்றாள், படத்துக்குக் கீழே படுத்துத் தூங்கினாள், அம்மா திருநீறு பூசச் சொன்னபோதெல்லாம் பூசினாள்.

மாசி பிறந்தது. பூ வாடி, மல்லி காய்த்து, காடு பழுக்கத் தொடங்கியது. படத்திலிருந்து எழுந்து வருகிற ஈக்கள் சன்னலைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு, உட்கார இடம் இல்லாமல் திரும்பி வந்தன, வருவதே குறைந்தது. சில படங்களில் சரியாகச் சொல்லியும் றெக்கை துடிப்பது மட்டும் தெரிந்தது. கடைசிப் பூவோடு இதுவும் போய்விடும் என்று ஊருக்கே தெரிந்தது.

மல்லி பிடுங்கப் போய்விட்டு வந்த ஒரு மாலையில், கையில் மல்லி வாசத்தோடு சுப்புத்தாய் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஊர்ப் படத்தயெல்லாம் பாக்க. ஒங்கண்ணன் படத்த ஏன் பாக்க மாட்டேங்க?"

"அது நல்ல படம்மா. அதுல ஒண்ணும் இல்ல."

"நல்ல படம்னா பாக்கறதுக்கு என்ன?"

"வேஷம் கட்டுனதுதாம்மா வரும். மத்தது வராது."

சுப்புத்தாய் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் எதைப் புரிந்துகொண்டாள், எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று மாரிக்கனியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாவுக்கு மீசையும் இல்லை, றெக்கையும் இல்லை, பார்க்கிற முறை எதுவும் அவளிடம் செல்லவில்லை.

மறுநாள் காலையில் கந்தையா வந்தார். டீ கிளாசைக் கையிலேயே கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். சீனி கூடப் போட்டிருந்தார்.

"மருமகளே, நான் கண்ணு தெரியாதவன் இல்ல. நீ அந்தப் படத்துக்கு மொகத்தக் காட்டாம நடக்கிறத ஒரு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் டீயைப் பார்த்தாள்.

"என்னன்னு நான் கேக்கல. கேட்டாச் சொல்லிருவ. முத்துச்செல்விக்குப் பரீட்சை வருது. காலையில எந்திரிச்சதும் எங்க பாத்துப் படிக்கான்னு ஒனக்கே தெரியும். இந்த ஊர்ல எத்தன புள்ளைக அந்தப் படத்தப் பாத்துப் பஸ் ஏறுச்சு? சொல்லு. நீயும்தான ஏறுன?"

"ஏறுனேன் மாமா."

"அப்ப அது பொய்யாவே இருந்தாலும் என்ன கெட்டுப்போச்சு? ஈ தேனீ இல்லன்னா மல்லி காய்க்காமயா போச்சு?"

மல்லி காய்த்துத்தான் இருந்தது. கந்தையா போன பிறகும் அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஊரெல்லாம் அந்தப் படத்தால் காய்த்தது, அவளும் காய்த்தாள், அம்மாவின் பெட்டி மட்டும் சட்டை சட்டையாக நிரம்பியது. அங்கே பெங்களூரிலோ எங்கேயோ, ஒருவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலையிடத்துச் சத்தம் கேட்காத ஓர் இடம் தேடி நின்று போன் பண்ணுகிறான். தங்கச்சி பட்டம் வாங்கினதைச் சொன்னபோது, "தொப்பி போட்டியா?" என்று அவன் கேட்டதும், "இல்லண்ணே, எங்க காலேஜ்ல கிடையாது" என்று இவள் சொன்னதும், அவன் சட்டென்று அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவன் கண்டுபிடிக்கச் சொல்லித்தான் கேட்டானோ என்று இப்போது தோன்றியது. தோன்றியதும் உட்கார முடியவில்லை.

ஓடைக்கரையில் ஒரே ஒரு பாத்தி மல்லி பிந்திப் பூத்து மிச்சம் இருந்தது. அதையும் அன்றைக்குப் பிடுங்கப் போகிறார்கள். நண்பகலில், வெயில் உச்சியில் நிற்க, அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி மடியில் வைத்தாள். சுப்புத்தாய் அடுப்படியிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா."

"சொல்லு."

"அண்ணன் பட்டம் வாங்கல. இது வாடகை அங்கி."

தெருப்பக்கமிருந்து சத்தம் வந்தது. கல்லில் எதையோ அறைகிற சத்தம், தப், தப், தப் என்று, இடைவிடாமல். துவைக்கிற சத்தம்போலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. வாசலில் ஆள் இல்லை. சுப்புத்தாய் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமை இறங்கிப் போனது, காத்திருப்பு மட்டும் நின்றது. பிறகு, லிங்கம்மா கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப என்னவா இருக்கான்?"

"தெரியலம்மா."

"பாரு."

மாரிக்கனி பார்த்தாள். பட்டை, தொப்பி, காகிதம். எப்போதும் பார்ப்பதையே பார்த்தாள். அப்போதுதான் தன் தப்பு தெரிந்தது. ஊரான் அனுப்பிய ஒவ்வொரு பூச்சியிலும் கால்வரை, கண்வரை போனவள், கூடப்பிறந்தவன் படத்தில் றெக்கையோடு நின்றுவிட்டிருக்கிறாள். இது பொய் என்று கண்டுபிடித்ததும் மேலே பார்க்காமல் விட்டிருக்கிறாள். காலைத் தேடினாள், அதாவது கையை. கை திருநீற்றுக்கு உள்ளே இருந்தது. உப்போடைப்பட்டிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பூசிய திருநீறு அது. அவள் தயங்குவதைப் பார்த்து சுப்புத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையை நாக்கில் நனைத்து, தானே கண்ணாடியைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். மணிக்கட்டு வந்தது, விரல் வந்தது.

அங்கியின் அகலக்கை சரிந்து, உள்கையில் குட்டைக் குட்டையாகக் கறுத்த கோடுகள். சூடான இரும்பு விளிம்பில் பட்டுப்பட்டு ஆறிய கோடுகள். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. பூந்தூளை உருண்டையாகக் கட்டத் தெரியாமல் உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு போகிற ஈயைப்போல, முழங்கைவரை, துடைத்தும் போகாத வெள்ளை.

"மைதா" என்றாள் மாரிக்கனி. "அண்ணன் பரோட்டா மாஸ்டர்மா. பரோட்டா போடுறான்."

தப் என்ற சத்தம் நின்றது.

சௌந்தரபாண்டி வாசலுக்கு வெளியே நின்றான். மடித்துக் கட்டின கைலி, பனியன், தலையில் துண்டு, முழங்கைவரை மாவு. ரப்பர் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் வெயில். அவர்கள் நினைத்து வைத்திருந்ததைவிட ஒல்லியாக இருந்தான். மடியில் இருந்த படத்தில் அங்கி மட்டும், கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லாமல், காகிதச் சுருள் காற்றில் நிற்க, தனியாக நின்றது. பங்குனியில் முத்துச்செல்வி அதன் முன் வந்து நின்று, "இப்ப யார் வேணாலும் போட்டுக்கிடலாம் போல இருக்கு மதினி" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் போனது பின்னால் நடந்த கதை. அந்த நண்பகலில் யாரும் படத்தைப் பார்க்கவில்லை.

சுப்புத்தாய் எழுந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் பனியனில் தோள்பக்கம் கிழிந்திருந்தது. அவள் கால் தானாகத் தகரப்பெட்டி இருந்த மூலைக்குத் திரும்பியது. ஒரு எட்டு வைத்தும் விட்டாள்.

"யக்கா!" என்று தெருவிலிருந்து லிங்கம்மா போட்ட சத்தத்தில் காக்காய்கள் எழும்பின. "உள்ள போகாதீக! சட்டையத் தேடாதீக!"

சுப்புத்தாய் நின்றாள். திரும்பினாள். படியிறங்கிப் போய், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் நின்றவனின் கையை எட்டிப் பிடித்தாள். இத்தனை வருஷமும் அவனிடம் கேட்க எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். அவனும் அத்தனைக்கும் பதில் சேர்த்து வைத்திருந்தான், கம்பெனி, லீவு, மேலதிகாரி, புராஜெக்ட் என்று. கை தணலாகக் கொதித்தது. அவள் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

"கல்லு அடுப்புலயாடா கெடக்கு? எறக்கி வச்சிட்டு வந்தியா?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் பொய் எதுவும் தயாராக இல்லை.

"இல்லம்மா" என்றான். "காஞ்சுக்கிட்டுத்தான் கெடக்கு."

"மொதலாளி வைவாரே."

"வைவாரு."

"வைதுட்டுப் போறாரு" என்று அவள் கையை விடாமல் இழுத்தாள். "எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. நான் தின்னதே இல்ல."

அவனுடைய ஒரு செருப்பு முதலில் தரையைத் தொட்டது. காலையில் இரண்டு தடவை தண்ணீர் தெளித்த கரிசல் மண், இன்னும் ஈரம் காயாமல், அந்தக் காலை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது.